மீதி முக்கால்

தொலைவழிக் கற்றலில் கூட்டுப்பணிக் கருவிகள்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்ற அவருடைய மாணவர்களே கூடி நிறுவிய அறக்கட்டளை இது. அந்த மாணவர்கள் இன்று ஓரூரில் இல்லை. ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் இதே தெருவில். கைப்பேசியில் ஒரு குழு அமைத்து, பெயர்ப் பட்டியல் போட்டு, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒரே தாளில் எழுதி, இந்தத் தொகையைச் சேர்த்தார்கள் என்று பொறுப்பாளர் என்னிடம் சொன்னார். இன்று நான் பேச வந்த பொருளுக்கு இதைவிட நல்ல முன்னுரை வேண்டியதில்லை. தொலைவில் இருப்பவர்கள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய முடியும். செய்யும்போது அவர்களுக்குள் உறவு வளரும். வகுப்பறையில் இதை எப்படி நிகழ்த்துவது என்பதே என் பேச்சு.

நன்னூலின் கணக்கு

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறார். தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அதை மனப்பாடம் செய்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். ஆசிரியர் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்பவர்களோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால் சேரும். தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போது எஞ்சிய இரண்டு காலும் வந்து நிறையும்.

இந்தக் கணக்கை ஒரு கணம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஆசிரியருக்கு நம் இலக்கண நூல் எவ்வளவு மதிப்புத் தந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நிலம், மலை, நிறைகோல், மலர் என்று அவரை உவமித்த அதே பாயிரம், கற்றலில் அவருடைய பங்கு கால் என்று வரையறுத்துவிடுகிறது. முக்கால் பங்கு மாணவர்களிடையே நடக்க வேண்டியது.

2020இல் நாம் செய்ததென்ன? பெருந்தொற்றால் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வகுப்பறையை இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. நாம் எல்லோரும் பதறினோம். பதற்றத்தில் ஆசிரியரின் குரலை எப்படியாவது வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டோம். கல்வித் தொலைக்காட்சி, காணொலிப் பாடம், நேரலை வகுப்பு எல்லாம் அந்த முயற்சிகள். அவற்றைக் குறைவாக நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அதுவே பெரிய சேவை. ஆனால் அத்தனை முயற்சியும் அந்த முதல் காலுக்காக மட்டுமே நடந்தது. மீதி முக்காலை நாம் வீட்டுக்கு அனுப்பவே இல்லை.

பத்து நிமிட அமைதி

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அப்போது நான் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திரையில் பெயரின் முதலெழுத்து தாங்கிய வட்டங்கள். எல்லோருடைய ஒலிவாங்கியும் ‘மியூட்’. நான் பேசுவேன். “புரியுதா?” என்பேன். “எஸ் சார்”, “எஸ் சார்” என்று உரையாடல் பெட்டியில் வரிசையாக வரும். வருகைப்பதிவு நிறைவாக இருக்கும். நன்றாகத்தான் நடக்கிறது என்று நம்பினேன்.

ஒருநாள் வகுப்பின் நடுவில் எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. பத்து நிமிடம் கழித்து மீண்டும் உள்ளே நுழைந்தேன். எல்லா வட்டங்களும் அப்படியே இருந்தன. அந்தப் பத்து நிமிடத்தில் உரையாடல் பெட்டியில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஒருவரும் இன்னொருவரிடம் “சார் எங்க?” என்றுகூடக் கேட்கவில்லை.

வகுப்பறையில் ஆசிரியர் பத்து நிமிடம் வெளியே போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து அதட்டுகிற அளவுக்குச் சத்தம் எழும். அந்தச் சத்தம்தான் வகுப்பு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். என் இணைய வகுப்பில் ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் என்னை நோக்கி ஒரு நூல் வந்தது. ஒரு மாணவரிடமிருந்து இன்னொரு மாணவருக்கு ஒரு நூல்கூட ஓடவில்லை. நான் அறுந்ததும் எல்லாம் அறுந்தது.

அடுத்த வாரம் வட்டார வழக்குப் பாடம். பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஓர் இணைய ஆவணத்தைத் திறந்து சுட்டியை அனுப்பினேன். அதில் ஓர் அட்டவணை: பொருள், உங்கள் ஊரில் அதற்குச் சொல்லும் பெயர், யாரிடம் கேட்டீர்கள், எந்தச் சூழலில் சொன்னார்கள். முதல் வரிசையில் வீடு பெருக்கும் பொருளை எழுதியிருந்தேன். மாலைக்குள் விளக்குமாறு, வாரியல், சீமாறு, துடைப்பம் எல்லாம் வந்துவிட்டன. பாட்டியிடம் கேட்டேன், மாமியிடம் கேட்டேன் என்று குறிப்புகள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாணவி, இன்னொருவர் எழுதியதன் பக்கத்தில், “இல்ல, எங்க ஊர்ல அது வாசலுக்கு மட்டும்தான், வீட்டுக்குள்ள வேற” என்று குறிப்பு எழுதினார். மூன்று மாதத்தில் என் வகுப்பில் எழுந்த முதல் ‘இல்லை’ அது. அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதைச் சொல்ல முடியாது.

கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தந்த கி. ராஜநாராயணன் செய்த வேலையின் சிறு நிழலை அந்த மாணவர்கள் வீட்டிலிருந்தே செய்தார்கள். அவர்கள் சிதறிக் கிடந்தது அதுவரை குறையாக இருந்தது. அந்த வேலையில் அதுவே செல்வமாயிற்று. எல்லோரும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பாட்டிகளை யார் கேட்டிருப்பார்கள்?

இந்தச் சென்னையில் பிறந்த முறை

மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது மேலைநாட்டிலிருந்து வந்த புதுக்கொள்கை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை வேறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒருமுறை ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. எனவே எட்டு வயதுப் பையன் ஒருவனை இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அமர்த்தினார். அவன் நன்றாகவே சொல்லிக்கொடுத்தான். அந்தச் சோதனையைப் பற்றி 1797இல் பெல் இலண்டனில் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பள்ளிகளெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றே வழங்குகிறது.

மூத்த மாணவன் இளையவனுக்கு ஏடு பிடித்துச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளின் அன்றாட வழக்கம். அவனைக் குறித்த சட்டாம்பிள்ளை என்ற சொல்லை நம் தாத்தாக்கள் அறிவார்கள். அந்த முறையில் அதட்டலும் அடியும் இருந்தன. அவற்றை நான் திரும்ப அழைக்கவில்லை. ஆனால் கற்றவன் கற்பிக்கும்போதுதான் கற்று முடிக்கிறான் என்ற அறிவு இந்த மண்ணில் பவணந்தி காலம் முதலே இருந்தது.

தொலைவழிக் கல்வியின் வரலாறும் இதையே சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பரந்த வறண்ட நிலம். ஒரு கால்நடைப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. அங்கே பறக்கும் மருத்துவர் சேவைக்காக வீடுகளில் வானொலிப் பெட்டிகள் இருந்தன. அடிலெய்ட் மீத்கி என்ற கல்வியாளர் அங்குள்ள பிள்ளைகள் கூச்சத்தோடு ஒதுங்கி வளர்வதைக் கவனித்தார். அதே வானொலியில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசினால் என்ன என்று கேட்டார். 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ‘வானொலிப் பள்ளி’ தொடங்கியது. முதலில் ஒருவழிப் பாடமாகத்தான் இருந்தது. விரைவிலேயே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளைகள் பேசும் நேரம் சேர்க்கப்பட்டது. எத்தனையோ மைல் தொலைவில் இருந்த பிள்ளைகள் முதன்முறையாக ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள்.

அந்தப் பாலைநிலத்தில், சிற்றலை வானொலியின் வழியே தொடக்கக் கல்வி பெற்ற சிறுவர்களில் ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். பின்னாளில் பெர்த் நகரில் ஆய்வு மாணவராக இருந்தபோது ‘மூடுல்’ என்ற கற்றல் மென்பொருளை உருவாக்கி 2002இல் இலவசமாக உலகுக்குத் தந்தார். நம் கல்லூரிகள் பலவற்றிலும் அது இன்று இயங்குகிறது. கற்பவர்கள் சேர்ந்து ஒன்றை உருவாக்கும்போதுதான் நன்றாகக் கற்கிறார்கள் என்ற கொள்கையே அதன் அடித்தளம். தனிமையில் படித்த பிள்ளைக்குத்தான் கூட்டத்தின் அருமை தெரியும்.

கணினி வழிக் கல்வியும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிட்சர் தொடங்கிய ‘பிளேட்டோ’, கணினி வழியே பாடம் நடத்துவதற்கான அமைப்பு. 1973இல் அதில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து, பலர் ஒரே திரையில் ஒரே நேரத்தில் எழுதிப் பேசும் வசதியைச் செய்தார்கள். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் உடனுக்குடன் மற்றவர்களின் திரையில் தோன்றியது. பாடம் படிக்க வந்த மாணவர்கள் அந்த வசதியைத் தேடித் தேடிப் பயன்படுத்தினார்கள். இன்று நாம் அலுவலகக் கருவிகள் என்று நினைக்கும் பலவற்றுக்கும் முன்னோடிகள் ஒரு கல்வி அமைப்புக்குள்தான் முளைத்தன.

நான்கு வேலைகள்

கருவிகளின் பெயர்ப் பட்டியலை நான் தரப்போவதில்லை. மாணவர்கள் சேர்ந்து செய்யக்கூடிய நான்கு வேலைகளைச் சொல்கிறேன். வேலை தெளிவாக இருந்தால் கருவி தானே கிடைக்கும்.

முதல் வேலை, சேர்ந்து எழுதுதல். கூகுள் டாக்ஸ் போன்ற கூட்டு ஆவணங்களில் பலர் ஒரே நேரத்தில் எழுதலாம். ஆசிரியர் கவனிக்க வேண்டிய வசதிகள் அதில் இரண்டு. ஒன்று, பக்கவாட்டில் எழுதும் குறிப்பு. அடுத்தவர் எழுதியதை அழிக்காமல் அதைப் பற்றிப் பேச அது இடம் தருகிறது. மற்றொன்று, திருத்த வரலாறு. யார், எப்போது, எதை எழுதினார், எதை நீக்கினார் என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. காகிதக் கட்டுரையில் நாம் முடிவை மட்டும் பார்க்கிறோம். இங்கே ஒரு மாணவர் எப்படி யோசித்தார், எங்கே மனம் மாறினார் என்ற வழித்தடமே தெரிகிறது. குழுவில் நான்கு பேர் போதும் என்பது என் அனுபவம். ஆறு, ஏழு என்று போனால் ஒருவர் எழுத மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தொகுப்பவர், சான்று தேடுபவர், மறுப்பவர், மொழி திருத்துபவர் என்று பொறுப்புகளைப் பிரித்து, வாரந்தோறும் மாற்ற வேண்டும். மறுப்பவர் என்ற பொறுப்பை விட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு மறுத்துப் பேசக் கூச்சம் அதிகம். அதைக் கடமையாக்கினால் கூச்சம் விலகும்.

இரண்டாவது வேலை, பிரித்துக் கற்றுக் கூடிச் சொல்லுதல். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டபோது பகை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் பாடம் முழுமை பெறாது. அதனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். ‘ஜிக்சா’ என்று இதற்குப் பெயர்.

காணொலிக் கூட்டத்தில் வகுப்பைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் வசதி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஐந்திணைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து மாணவர்கள், ஐந்து அறைகள். முதல் இருபது நிமிடம் ஒவ்வோர் அறையும் ஒரு திணையை மட்டும் படித்துப் பேசித் தேறுகிறது. பிறகு அறைகளைக் கலைத்து, ஒவ்வொன்றிலும் குறிஞ்சிக்கு ஒருவர், முல்லைக்கு ஒருவர், மருதத்துக்கு ஒருவர், நெய்தலுக்கு ஒருவர், பாலைக்கு ஒருவர் என்று மாற்றி அமர்த்துகிறோம். இப்போது ஒவ்வொரு மாணவரும் தம் அறையில் தம் திணைக்கு ஒரே ஆசிரியர். ஒளிந்துகொள்ள இடமில்லை. பவணந்தி சொன்ன அந்த இரண்டு காலும் இங்கேதான் சேர்கிறது.

மூன்றாவது வேலை, சேர்ந்து வாசித்தல். ஒரே உரையை எல்லோரும் திறந்து, புரியாத வரியைக் குறியிட்டு, ஓரத்தில் கேள்வி எழுதுவது. அந்தக் கேள்விக்கு இன்னொரு மாணவர் விடை எழுதுவது. இதற்கென்று தனி மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஆனால் நம் உரை மரபு என்ன? மூலத்தின் மேல் அரும்பதவுரை, அதன் மேல் அடியார்க்கு நல்லார், அவருக்கு மேல் உ.வே.சா.வின் குறிப்புகள் என்று சிலப்பதிகாரம் நமக்கு வந்து சேர்ந்தது. காலத்தால் விலகி நின்றவர்கள் ஒரு நூலின் ஓரங்களில் உரையாடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு ஓரக்குறிப்பு எழுதச் சொல்லுங்கள். தாங்கள் ஒரு நெடிய வரிசையில் நிற்பது அவர்களுக்குத் தெரியும்.

நான்காவது வேலை, உலகுக்குப் பயன்படும் ஒன்றைச் சேர்ந்து செய்தல். இதில் தமிழர்கள் முன்னோடிகள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியமின்றி, மின்னஞ்சல் வழியே, பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புப் பார்த்தார். முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்களைக் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் எழுந்தது. காணொலிக் கூட்டங்கள் பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தமிழர்கள் தொலைவிலிருந்து கூடி உழைக்கக் கற்றிருந்தார்கள்.

இன்று இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல பக்கம் பக்கமாகக் காத்திருக்கின்றன. ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் கணினி படித்துத் தந்த பிழை மலிந்த எழுத்து. ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். தனியாளாக எவரும் ஒரு பக்கத்தைப் பச்சையாக்க முடியாது என்ற அந்த விதியில் ஒரு முழுக் கல்விக் கொள்கை அடங்கியிருக்கிறது. ஒரு பருவத்தில் மாணவருக்குப் பத்துப் பக்கம் என்று கொடுத்துப் பாருங்கள். ‘ர’வும் துணைக்காலும் மாறிக் கிடப்பதைத் திருத்தித் திருத்தியே அவர்களுக்குச் சந்தியும் பதமும் படியும். ஆசிரியர் மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவைக்கும் ஒப்படைப்புக்கும், முன்பின் தெரியாத ஒருவர் நாளை தேடி வந்து படிக்கப்போகும் பக்கத்துக்கும் மாணவர் காட்டும் அக்கறை ஒன்றாக இருப்பதில்லை.

தடைகள்

இவ்வளவும் சொன்னபின் தடைகளைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

முதல் தடை கருவியின்மை. இந்திய ஊரகக் கல்வி நிலையை ஆராயும் ஏசர் 2020 அறிக்கையின்படி, ஊரகப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி இருந்த வீடுகள் 2018இல் 36.5 விழுக்காடு; 2020இல் 61.8 விழுக்காடு. உயர்வு பெரியதுதான். ஆனாலும் பத்தில் ஏறத்தாழ நான்கு வீடுகளில் அது இல்லை. இருந்த வீட்டிலும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அண்ணனும் தங்கையும் ஒரே பேசிக்குக் காத்திருப்பார்கள். யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 தொடக்கத்தில் தமிழக அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவு இலவசமாகத் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பிப் பிள்ளைகளைக் கூட்டமாக உட்கார வைத்தது. இரண்டும் தேவையான உதவிகள்.

ஆசிரியர் தம் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்துவது. கூட்டு ஆவணத்தில் ஒருவர் காலையில் எழுதலாம். அப்பா வீடு திரும்பிய பின் இன்னொருவர் இரவில் எழுதலாம். ஒரு மணிநேரக் காணொலிக்கு ஆகும் தரவில் பல நாள் எழுத்து வேலை நடக்கும். தட்டச்சு வராதவர் குரல் வழியே தமிழில் சொல்லி எழுதலாம். குரல்பதிவாகக் குழுவில் அனுப்பலாம். ஏழை மாணவருக்கு ஏற்றபடி வேலையை அமைத்தால் எல்லோருக்கும் அது ஏற்றதாகவே இருக்கும்.

இரண்டாவது தடை பாதுகாப்பு. வகுப்புக் குழுவில் மாணவியரின் கைப்பேசி எண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகின்றன. அதனால் சில பெண்கள் பட்ட துன்பத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எண் தெரியாமல் இயங்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் கடமை. அதுபோலவே ‘கேமராவைப் போடு’ என்று கட்டாயப்படுத்தாதீர்கள். ஒற்றை அறை வீட்டில், பின்னால் யாரோ படுத்திருக்கும்போது, முகம் காட்டச் சொல்வது வீட்டையே காட்டச் சொல்வதாகும். 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பள்ளி ஆசிரியர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது தடை மதிப்பெண். குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்றால் உழைத்தவர் மனம் நோகும். தனித்தனி என்றால் குழு உடையும். நான் இரண்டாகப் பிரித்தேன். பாதி மதிப்பெண் குழுவின் முடிவுக்கு. மீதிப் பாதி, திருத்த வரலாற்றிலும் ஓரக்குறிப்பிலும் தெரியும் தனி உழைப்புக்கு. நல்ல கேள்வி கேட்டவருக்கும் அதில் பங்குண்டு என்று முதல் நாளே அறிவித்தேன். திருத்த வரலாற்றைக் குற்றம் பிடிக்கும் கருவியாக நான் பயன்படுத்தவில்லை. மூன்று நாளாக ஒருவர் எதுவும் எழுதவில்லை என்று அதில் தெரிந்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பேன். ஒருமுறை அப்படி அழைத்தபோதுதான் அந்தப் பையன் குடும்பச் சுமைக்காகக் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தது தெரிந்தது. “எஸ் சார்” மட்டும் வந்துகொண்டிருந்த வகுப்பில் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

நான்காவது, ஆசிரியரின் உழைப்பு. பதினைந்து குழுக்களின் ஆவணங்களை வாரம்தோறும் படித்துக் குறிப்பெழுதுவது, ஒரு மணிநேரம் பேசிவிட்டு எழுவதைவிடக் கடினம். நம் பணிநேரக் கணக்கில் பேசிய நேரம் மட்டுமே ஏறுகிறது. படித்த நேரம் ஏறுவதில்லை. அது மாறாமல் இந்த முறை நிலைக்காது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களிடம் இதை வேண்டுகோளாக வைக்கிறேன்.

கருவி போகும், பழக்கம் நிற்கும்

பெருந்தொற்றுக் காலத்தில் பல ஆசிரியர்கள் நம்பிப் பயன்படுத்திய மின்பலகை கூகுள் ஜேம்போர்டு. 2024 இறுதியோடு அது மூடப்பட்டது. 2025 மே மாதம் ஸ்கைப் நிறுத்தப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் கருவிகளும் ஒருநாள் போகும். ஆகவே மாணவர் உழைத்து எழுதியதை ஒவ்வொரு பருவ முடிவிலும் சாதாரணக் கோப்பாக இறக்கிச் சேமித்து, அவர்களிடமும் ஒரு படி கொடுங்கள். இயன்ற இடத்தில் கட்டற்ற மென்பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். கருவிகள் மாறினாலும் சேர்ந்து எழுதும் பழக்கமும், மறுத்துப் பேசும் துணிவும், பிறருக்கு விளக்கும் திறமும் மாணவரோடு போகும்.

பள்ளிகள் திறந்துவிட்டன, இனி இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தொலைவழிக் கற்றல் நின்றுவிடவில்லை. அஞ்சல்வழிக் கல்வியில் தொடங்கி, 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2017இல் வந்த ‘ஸ்வயம்’ இணையப் பாடத் தளம், 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழிப் பட்டம் வரை அது வளர்ந்துகொண்டே வருகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், திருமணத்தால் படிப்பு நின்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அதுவே ஒரே கதவு. அந்தக் கதவுக்கு உள்ளே அவர்கள் தனியாக உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுப் போனால், கால் பங்குக் கல்வியை நாம் முழுக் கல்வி என்று சொல்லிக் கொடுத்தவர்களாவோம். அவர்களுக்கும் தோழர்கள் வேண்டும். அவர்களுக்கும் “இல்ல, எங்க ஊர்ல வேற” என்று சொல்ல ஓர் இடம் வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த பருவத்தில் ஒரு பாடத்தை, ஒரே ஒரு பாடத்தை, நீங்கள் நடத்தாமல் மாணவர்கள் சேர்ந்து உருவாக்கும்படி விட்டுப் பாருங்கள். அருகிலேயே இருங்கள்; தேவைப்படும்போது கை கொடுங்கள்.

அந்தக் கல்வியாண்டின் கடைசி வாரங்களில் ஒருநாள், எங்கள் தெருவில் மறுபடியும் மின்சாரம் போயிற்று. ஏறக்குறைய அதே பத்து நிமிடம். திரும்ப உள்ளே நுழைந்தபோது இரண்டு மாணவிகளும் ஒரு மாணவனும் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். உரையாடல் பெட்டி எழுத்தால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டு ஆவணத்தில் யாரோ ஒரு வரியை அடித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. என் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, வகுப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.